முதுசமும் தேடியதேட்டமும்: சமய நம்பிக்கை பற்றி ஒரு விசாரணை

யாழ்ப்பாணத்துத் தேசவழமை உடைமையை மூவகைப்படுத்தும். பெற்றோர் வழியாகவும் மூதாதையர் வழியாகவும் வந்தடைவது முதுசம். பெண்ணுக்குத் திருமணத்தின்போது கொடுக்கப்படுவது சீதனம். கணவனும் மனைவியும் தம் இல்வாழ்க்கைக் காலத்தில் ஈட்டிக்கொள்வது தேடியதேட்டம். 1707 ஆம் ஆண்டிலே கிளாஸ் ஐசாக்ஸ் என்னும் ஒல்லாந்த அதிகாரி இவ்வழமைகளைத் தொகுத்தெழுத, அத்தொகுப்புத் தமிழிலே பெயர்க்கப்பட்டு, 12 முதலிமாரின் பார்வைக்கு வைக்கப்பட்டு உறுதிசெய்யப்பட்டது. காணிக்கும் பனந்தோப்புக்கும் நகைக்கும் வகுக்கப்பட்ட இப்பாகுபாட்டைச் சமய நம்பிக்கைக்கும் பொருத்திப் பார்த்தல் தகுமா என்பதே இங்கு எடுத்துக்கொள்ளப்படும் வினா. கிறித்தவ இல்லமொன்றிற் பிறந்த ஒருவனுக்கு அவனது கிறித்தவம் முதுசமா, தேடியதேட்டமா? முதுசம் மட்டுமேயெனின், அதனை 'எனது நம்பிக்கை' என்று அவன் எவ்வுரிமைகொண்டு கூறுவான்? தேடியதேட்டமே நம்பிக்கையெனின், முதுசமாக வந்ததை என் செய்வது?

பல்கலைக்கழகத்துக்கு வரும் இளைஞருள் ஒரு சாராருக்கு இது பொழுதுபோக்கு வினாவன்று. வீட்டை விட்டு வந்த முதலாம் ஆண்டிலே, ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆலயத்துக்கு எழுப்புவார் எவருமில்லாத விடுதி அறையிலே, இது முதன்முதலாகத் தோன்றுகின்றது. எழுந்து போனாலும் வினா தீர்வதில்லை, படுத்திருந்தாலும் தீர்வதில்லை.

தேசவழமையைத் தொகுப்பித்த அதே ஒல்லாந்தர் ஆட்சி இன்னொரு பதிவையும் பேணியது. அது பாடசாலைத் தோம்பு. ஞானஸ்நானமும் திருமணமும் அதிலே பதியப்பட்டன. அரச பதவியை நாடியோர் சீர்திருத்தத் திருச்சபையின் ஞானஸ்நானம் பெற்றிருத்தல் வேண்டும் என்றிருந்த காலம் அது. தோம்பின்படி யாழ்ப்பாணக் குடாநாடு பெரும்பாலும் கிறித்தவ நாடு. ஆயின், பகலிலே தேவாலயத்திற் பெயர் கொடுத்தோர் இரவிலே வீட்டினுள் தம் முன்னோரின் தெய்வங்களை வழிபட்டனர் என்பது நமது வரலாற்று நூல்கள் யாவும் ஒப்புக்கொள்ளும் செய்தி. 1795 இல் ஒல்லாந்தரின் கோட்டை ஆங்கிலேயர் கைப்பட்டுச் சமயக் கட்டாயம் நீங்கியதும், சில ஆண்டுகளுக்குள்ளேயே அவர்களிற் பெரும்பாலோர் தோம்புக் கிறித்தவத்தைக் கைவிட்டனர். ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டுக் கிறித்தவம், சட்டம் தளர்ந்தவுடன் பனிபோல் நீங்கிற்று. அதனைப் பொய் என்று இகழ்தல் எளிது. எனக்கு அது அவ்வளவு எளிதாகத் தோன்றவில்லை. அம்மக்கள் பொய்யரல்லர், நம்பிக்கையைப் பதிவேட்டில் அடக்கலாம் என்று எண்ணிய ஆட்சியே பொய்யுரைத்தது.

1816 இல் வந்த அமெரிக்க மிஷனாரின் காலத்தில் நிலைமை வேறு. அப்பொழுது கிறித்தவனாவதற்குச் சட்டம் எதுவும் வற்புறுத்தவில்லை. கல்வியும் உத்தியோகமும் ஈர்த்தன என்பது உண்மையே. எனினும் குடும்பத்தாற் புறந்தள்ளப்பட்டும், உறவினர் வீட்டுப் பந்தியிலே இடமிழந்தும் மதம் மாறியோர் இருந்தனர். அவர்களுக்குக் கிறித்தவம் முற்றிலும் தேடியதேட்டம், விலைகொடுத்துப் பெற்றது. அவர்களுடைய பேரப்பிள்ளைகளுக்கோ அது தொட்டிலோடு வந்த முதுசம். பாட்டன் எதை இழந்து எதைப் பெற்றான் என்பதை அறியாமலே பேரன் அதன் பயனை அனுபவிக்கின்றான். நமது கிறித்தவக் குடும்பங்களின் வரலாற்றை இந்த ஒரு வாக்கியத்துள் அடக்கிவிடலாம். பெற்றோரின் கிறித்தவத்தினின்று விலகிச் சைவத்துக்கு மீண்ட சி. வை. தாமோதரம்பிள்ளை போன்றோரை நாம் 'திரும்பியவர்' என்கிறோம். அவரளவிலே முதுசம் கிறித்தவமே. தேடிக்கொண்டது சைவம் என்பதை அச்சொல் மறைத்துவிடுகின்றது.

இவ்வினாவைத் தன் வாழ்நாள் முழுவதும் விடாது பற்றி நின்றவர் டென்மார்க்கு நாட்டுச் சிந்தனையாளர் சோரன் கீர்க்ககாட். 1813 இற் கொப்பன்கேகனிற் பிறந்து 1855 இல் 42 ஆவது வயதில் மறைந்தவர். அக்காலத்து டென்மார்க்கிலே பிறந்த குழந்தை, பிறந்தமையாலேயே லூதரன் கிறித்தவக் குழந்தை. போதகர்கள் அரச ஊழியர். சம்பளமும் பதவியுயர்வும் பெறுவோர். 1849 ஆம் ஆண்டு அரசியல் யாப்பு சமய சுதந்திரத்தை வழங்கிய பின்னரும் லூதரன் சபை மக்கள் சபை என்னும் பெயரோடு அரசின் ஆதரவைப் பெற்றே நின்றது. ஒல்லாந்தரின் தோம்புக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு, இங்கே எவரும் இரவில் வேறு தெய்வத்தை வணங்கவில்லை என்பதே. கீர்க்ககாட்டின் நோக்கிலே நிலைமை இதனால் இன்னும் மோசமானது. மறைத்து வணங்க வேறொன்றில்லாத இடத்தில், தான் வணங்கவேயில்லை என்பதை மனிதன் அறியவும் வழியில்லை.

1846 இல் வெளிவந்த அவரது பெருநூலான 'முடிவான விஞ்ஞானச் சார்பற்ற பின்னுரை'யில் ஒரு வேடிக்கையான காட்சி உண்டு. தான் உண்மையிலே கிறித்தவன்தானா என்ற ஐயம் ஒருவனுக்கு எழுகின்றது. அவன் மனைவி வியப்படைகின்றாள். நீங்கள் டேனியரல்லவா, டென்மார்க்கின் மதம் லூதரன் கிறித்தவம் என்று புவியியற் புத்தகத்திலேயே இருக்கின்றதே, நீங்கள் யூதருமல்லர், முகம்மதியருமல்லர், அரச உத்தியோகத்தை ஒழுங்காகப் பார்க்கின்றீர்கள், பின் கிறித்தவரன்றி வேறு யார் என்பது அவள் வாதம். இதனை வாசிக்கும் யாழ்ப்பாணத்து வாசகன் நகைத்துவிட்டுச் சற்றே நிதானிப்பான். 'அவர்கள் வேதக்காரர்' என்று ஊரிலே நாம் சொல்லும்போது ஒருவருடைய நம்பிக்கையையா சொல்கின்றோம்? அவர் எந்த வீட்டிற் பெண் எடுப்பார், எந்தச் சேமக்காலையில் அடக்கப்படுவார் என்பதையன்றோ சொல்கின்றோம்?

அதே நூலில் அவர் எழுப்பும் இன்னொரு வினா கனமானது. உண்மைக் கடவுளின் ஆலயத்திலே சரியான கோட்பாட்டோடு நின்று உள்ளமின்றிச் செபிப்பவன் ஒருவன்; விக்கிரகத்தின் முன் நின்று தன் முழு உயிரையும் அதில் வைத்துச் செபிப்பவன் இன்னொருவன். இவ்விருவருள் யாரிடம் உண்மை மிகுதி? பின்னவனிடமே என்பது கீர்க்ககாட்டின் விடை. நம்பிக்கையிலே எதை நம்புகிறோம் என்பதிலும் எவ்வாறு நம்புகிறோம் என்பதே முதன்மையானது என்று அவர் கருதினார். கோயிலும் தேவாலயமும் ஒரே வீதியில் நிற்கும் நமது ஊர்களிலே இவ்வினாவுக்கு ஒரு கூடுதல் ஓசை உண்டு. விக்கிரகம் என்ற அந்தச் சொல்லையே அவர் தமது சபையிடமிருந்து முதுசமாகப் பெற்றார் என்பதும் கவனிக்கற்பாலது. அதனை மட்டும் அவர் சோதித்துப் பார்த்ததாகத் தெரியவில்லை.

இனி, இக்கருத்தை என் அனுபவமொன்றோடு வைத்து நோக்க விரும்புகின்றேன். எங்கள் பாட்டியார் எழுதப் படிக்கத் தெரியாதவர். 23 ஆம் சங்கீதம் அவருக்கு மனப்பாடம். அவருடைய தாயார் சொல்லிக் கொடுத்தது. அரிக்கன்லாம்பு வெளிச்சத்தில் மாலைச் செபத்திலே ஒவ்வொரு நாளும் அதனை அவர் சொல்ல, பிள்ளைகளாகிய நாங்கள் தூங்கி விழுவோம். கீர்க்ககாட்டின் சொற்படி அது பழக்கம், முதுசம், உள்ளமற்ற ஓதல் என்று பல்கலைக்கழகம் புகுந்த காலத்தில் எனக்குத் தோன்றியதுண்டு. 1995 ஒக்ரோபர் மாத இறுதியில் வலிகாமம் ஒரே இரவிலே பெயர்ந்தபோது, நாவற்குழிப் பாலத்தை நோக்கி மழையிலே இலட்சக்கணக்கானோர் அடியடியாக நகர்ந்தனர். அந்நெருக்கத்தில், துவிச்சக்கர வண்டியின் பின்னிருக்கையில் இருத்தி உருட்டிச் செல்லப்பட்ட பாட்டியார் அதே சங்கீதத்தை அதே குரலிற் சொல்லிக்கொண்டு வந்தார். மரண இருளின் பள்ளத்தாக்கு என்னும் அடி வந்தபோது அவர் குரலிலே எவ்வித மாற்றமும் இல்லை. கேட்டுக்கொண்டு நடந்த நான்தான் மாறினேன். அச்சொற்களை அவர் அன்றுதான் முதன்முதலாகத் தமதாக்கினாரா, அன்றி எப்பொழுதுமே அவை அவருடையனவாயிருக்க நான் மாத்திரம் அறியாதிருந்தேனா? இதனை வெளியிலிருந்து தீர்மானிக்க எவராலும் இயலாது. முதுசம் என்றும் தேட்டம் என்றும் இன்னொருவரின் நம்பிக்கைக்கு முத்திரை குத்துவதில் உள்ள துணிச்சலை அன்று நான் இழந்தேன்.

இதற்கு மறுதலையான நிகழ்ச்சியும் ஒன்றுண்டு. பின்னொரு காலத்தில், இளம் மகனை இழந்த ஒரு வீட்டிலே, வந்திருந்த ஒருவர் "எல்லாம் தேவ சித்தம்" என்றார். நல்லெண்ணத்தோடு சொல்லியிருப்பார். தாயார் ஒன்றும் பேசாது எழுந்து குசினிக்குட் போய்விட்டார். சில மாதங்களின் பின் அதே தாயாரின் வாயிலிருந்து அதே இரு சொற்களையும் நான் கேட்டேன். சொற்கள் மாறவில்லை, கோட்பாடும் மாறவில்லை. முன்னவர் தமக்கு உரிமையில்லாத பொருளை எடுத்து வழங்கினார். பின்னவர் தாம் ஈட்டியதைச் சொன்னார். மரபுவழி நம்பிக்கையிலிருந்து சொந்த நம்பிக்கைக்குச் செல்லுதல் என்பது பழைய சொற்களைக் களைந்து புதியவற்றைப் பூணுதல் என்று பலர் எண்ணுகின்றனர். பல வேளைகளில் அது ஒரே சொல்லுக்குள் நிகழும் இடப்பெயர்வு. ஆதலின், 'நான் இப்பொழுது ஆலயத்துக்குப் போவதில்லை, எனக்கென்று ஒரு நம்பிக்கை உண்டு' என்று கூறும் இளைஞன் கட்டாயம் அப்பயணத்தைச் செய்துவிட்டான் என்பதற்கில்லை. அவனும் தன் காலத்துப் பேச்சை முதுசமாக எடுத்திருக்கலாம்.

ஆயின், நம்பிக்கையின் உண்மைக்கு அதன் தீவிரமே அளவுகோல் என்ற கொள்கை நம்மை எங்கே கொண்டு சேர்க்கும்? இவ்விடத்திற்றான் கீர்க்ககாட்டோடு என்னால் முழுதும் உடன்பட முடியவில்லை. 2019 ஏப்பிரல் 21, உயிர்த்த ஞாயிறன்று, கொச்சிக்கடையிலும் கட்டுவாப்பிட்டியிலும் மட்டக்களப்புச் சீயோன் தேவாலயத்திலும் கொழும்பு விடுதிகளிலும் 250 இற்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். சீயோன் ஆலயத்திலே ஞாயிறு பாடசாலை முடிந்து வெளியே நின்ற சிறுவர்களும் இறந்தனர். அச்செயலைப் புரிந்தோர் மரபுவழி நம்பிக்கையாளரல்லர். தம் சமூகத்துப் பெரியோர் பலர் முன்னரே கண்டித்து ஒதுக்கிய ஒரு கொள்கையைத் தாமே தேடித் தெரிந்துகொண்டவர்கள். அதன்பொருட்டு உயிரையும் கொடுத்தவர்கள். 'எவ்வாறு நம்பினர்' என்று மட்டும் கேட்டால், அவர்களது நம்பிக்கையிற் குறைகாண இடமில்லை. தேடியதேட்டம் என்பதனாலேயே ஒரு நம்பிக்கை தூயதாகிவிடாது. கொள்ளைப் பொருளும் ஒருவகைத் தேட்டமே.

கீர்க்ககாட் இவ்விடரை அறியாதவரல்லர். 1843 இல் எழுதிய 'அச்சமும் நடுக்கமும்' என்னும் நூலில், ஈசாக்கைப் பலியிட மலையேறிய ஆபிரகாமைப் பற்றியே அவர் விசாரிக்கின்றார். ஆபிரகாமின் கதையை ஆலயத்திற் கேட்ட ஒருவன் வீட்டுக்குப் போய்த் தானும் அவ்வாறே செய்யத் துணிந்தால், அதே போதகர் பதறியடித்துக்கொண்டு ஓடிவந்து அவனைக் கொலைகாரன் என்று திட்டமாட்டாரா என்று அவர் வினவுகின்றார். முதுசமாகக் கேட்டுக் கேட்டுத் தேய்ந்துபோன கதையின் பயங்கரத்தை அவர் மீளக் கூர்மையாக்கினார். ஆயினும் ஆபிரகாமுக்கும் கொலைகாரனுக்கும் இடையே புறத்தார் காணத்தக்க வேறுபாடு எதையும் அவர் தரவில்லை. தர இயலாது என்பதே அவர் கொள்கை. அவருக்கு முன்பே, 1798 இல் வெளியிட்ட நூலொன்றில், கான்ட் இதற்கு வேறு விடை கூறியிருந்தார். என் மகனைக் கொல்லலாகாது என்பது எனக்கு நிச்சயம். எனக்குத் தோன்றும் நீ கடவுள் என்பதுதான் நிச்சயமில்லை என்று ஆபிரகாம் மறுமொழி சொல்லியிருக்க வேண்டும் என்பது கான்ட்டின் கருத்து. சீயோன் ஆலயத்தின் பின் இவ்விரு நூல்களையும் வாசிக்கும் ஒருவன் கான்ட்டின் பக்கம் சாய்வானாயின் அவனைக் குறைகூற முடியாது. நான் சாய்கின்றேன்.

அவ்வாறெனின் முதுசம் எதற்கு உதவும்? தனிமனிதன் தன் உள்ளத்திற் கேட்ட குரலை ஒப்புநோக்குவதற்கு அதுவே அவனுக்குள்ள உரைகல். தலைமுறை தலைமுறையாகப் பலர் வாழ்ந்தும் வருந்தியும் தவறிழைத்தும் திருத்தியும் வந்த ஒரு மரபு, 'இது உனக்கு மட்டும் தோன்றியதா, முன்னும் எவருக்காவது தோன்றியதா, தோன்றியபோது என்ன விளைந்தது' என்று கேட்கும். மரபு தவறாதது என்று நான் கூறவரவில்லை. பிறர் நம்பிக்கையை விக்கிரகாராதனை என்று இழித்ததும், நமது ஊர்களில் ஆலயத்தினுள்ளேயே சாதி பார்த்து இருக்கை வகுத்ததும் இதே மரபுதான். அக்குற்றங்களைக் கண்டித்தோர் பலரும், அம்மரபு தந்த வேதாகமத்தையே கையிலேந்திக் கண்டித்தனர் என்பது நோக்கற்பாலது.

தேசவழமையின் நுணுக்கமொன்று இங்கே துணைசெய்கின்றது. 1911 ஆம் ஆண்டின் யாழ்ப்பாணத் திருமண உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச் சட்டம் தேடியதேட்டத்துக்கு வகுத்த வரைவிலக்கணத்திலே, விலைகொடுத்து வாங்கிய சொத்தோடு இன்னொன்றும் அடங்கியது: கணவன் அல்லது மனைவியின் தனிச் சொத்திலிருந்து இல்வாழ்க்கைக் காலத்தில் வரும் ஆதாயம். அஃதாவது, முதுசக் காணி முதுசமாகவே இருக்கும். அதிலே உழுது பெற்ற விளைச்சல் தேடியதேட்டம். தரிசாகக் கிடக்கும் முதுசக் காணிக்கு உறுதிப்பத்திரம் மட்டுமே உண்டு, விளைச்சல் இல்லை. தோம்புக் கிறித்தவத்தின் நிலை இதுவே. காணியே இல்லாதவன் எங்கே உழுவான் என்பது மறுபக்கம்.

கீர்க்ககாட்டின் வாழ்க்கையையே இவ்வாறு படிக்கலாம். அவர் தந்தையார் மிக்கேல் யூட்லாந்தின் வறண்ட மேட்டு நிலத்திலே ஆடு மேய்த்த ஏழைச் சிறுவன். ஒருநாள் குளிரும் பசியும் தாங்காது குன்றொன்றின்மீது ஏறிநின்று கடவுளைச் சபித்தான். பின்னர் கொப்பன்கேகனிற் கம்பளியுடை வணிகராகிப் பெருஞ்செல்வரான பின்னும், 81 வயதிலும், அச்சாபத்தை அவரால் மறக்க இயலவில்லை. எழுவர் பிள்ளைகளுள் ஐவர் அவர் கண்முன்னே இறந்தனர். அதனைத் தம் சாபத்தின் தண்டனை என்றே அவர் எண்ணினார். அரச சபையின் ஆராதனைக்கும், மொறாவியச் சகோதரரின் மாலைக் கூட்டத்துக்கும் அவர் குடும்பம் சென்றுவந்தது. மகனுக்கு முதுசமாக வந்தது இந்தப் பயமும் துயரும் தோய்ந்த கிறித்தவமே. இளமையில் அதனை அவன் வெறுத்து விலகினான். 1835 இல் நாட்குறிப்பிலே, தான் வாழவும் சாகவும் தக்க, தனக்கென்று உண்மையான ஓர் உண்மையைத் தேடுவதாக எழுதினான். 1838 இல் தந்தையார் இறந்தார். 1843 முதல் அவர் வெளியிட்ட பக்திப் பேருரைத் தொகுதிகளின் சமர்ப்பணப் பக்கத்திலோ, இந்நகரிலே முன்பு கம்பளியுடை வணிகராயிருந்த என் தந்தைக்கு என்ற குறிப்பே காணப்படுகின்றது. காணியை விட்டு ஓடியவர் மீண்டும் அதே காணியைத்தான் உழுதார்.

மூத்த தமையனார் பீற்றர் கிறித்தியன் வேறு வழி சென்றவர். போதகராகிப் பின்னர் பேராயருமானார். தம்பியின் வாசகர்கள் அவரை அரச சபையின் ஊழியர் என்று எளிதிலே தள்ளிவிடுவர். ஆயின் 1840 களில், பப்ரிஸ்ற் சபையாரின் குழந்தைகளுக்குக் கட்டாய ஞானஸ்நானம் கொடுக்க வேண்டுமென்ற ஆணை பிறந்தபோது, பதவியே போகக்கூடிய நிலையிலும் அதனைச் செய்ய மறுத்தவர் அவர். நம்பிக்கையைப் பதிவேட்டில் அடக்க இயலாது என்று தம்பி நூல் நூலாக எழுதியதை, சபைக்குள்ளே நின்றுகொண்டே அவர் ஒருமுறை செய்து காட்டினார். எது கடினம் என்பதை நான் தீர்மானிக்கவில்லை.

1854 இல் பேராயர் மைன்ஸ்டர் இறந்தபோது, அவரை 'உண்மைக்குச் சாட்சி' என்று ஒரு பேராசிரியர் புகழ்ந்துரைத்தார். மைன்ஸ்டர் கீர்க்ககாட்டின் தந்தையாருடைய மதிப்புக்குரிய போதகர்; அவர் உயிரோடிருக்கும்வரை மகன் வாய்திறவாதிருந்தமைக்கு அதுவும் ஒரு காரணம். தந்தைக்குப் பட்ட கடன் ஒரு மனிதனை எத்துணைக் காலம் மௌனியாக்கலாம் என்பதற்கு இது சான்று. அதன்பின் அவர் வெளிப்படையாகச் சபையைத் தாக்கி எழுதினார். 'கணம்' என்னும் தாளை ஒன்பது இதழ்கள் வெளியிட்டார். பத்தாவது எழுதி முடிந்திருந்தபோது, 1855 ஒக்ரோபரிலே வீதியில் விழுந்து மருத்துவமனை சேர்ந்தார். காண வந்த தமையனாரை உள்ளே விடவில்லை. இளமை நண்பரான போதகர் எமில் போசன் திருவிருந்து பெறுகின்றாயா என்று கேட்டபோது, பெறுவேன், ஆனால் போதகரிடமிருந்தன்று, சபையின் சாதாரண உறுப்பினர் ஒருவரிடமிருந்து என்றார். அது கடினம் என்றார் நண்பர். அவ்வாறாயின் பெறாமலே இறப்பேன் என்றார். நவம்பர் 11 ஆம் நாள் அவ்வாறே இறந்தார். அவர் திருவிருந்தை வேண்டாமென்று சொல்லவில்லை என்பதை அவரைப் புகழ்வோரும் இகழ்வோரும் ஒருங்கே மறந்துவிடுகின்றனர்.

அடக்க ஆராதனை அவர் தாக்கிய அதே சபையின் ஆலயத்தில் நடைபெற்றது; தமையனாரே பேசினார். சேமக்காலையிலே மருகர் ஒருவர் எழுந்து, இறந்தவரின் விருப்பத்துக்கு மாறாக இவரைச் சபை அபகரிக்கின்றது என்று உரத்துக் கூறினார். அதன்பின் உடல் அசிஸ்ரென்ஸ் சேமக்காலையிலுள்ள குடும்ப நிலத்திலே, தந்தையாரின் கல்லறையிருந்த இடத்தில் அடக்கப்பட்டது. தமது கல்லறையில் என்ன பொறிக்கவேண்டும் என்பதனை அவர் முன்னரே எழுதிவைத்திருந்தார். அது அவருடைய நூல்களிலிருந்து எடுத்த வரியன்று. முந்திய நூற்றாண்டிலே வாழ்ந்த டேனியப் பேராயர் புறோசன் பாடிய ஞானப்பாட்டொன்றின் அடிகள்.